அம்பல், அலர், அநாமதேயம்

மொட்டைக் கடுதாசி என்கிற சொல்லை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. கூரையில்லாத மாடி மொட்டை மாடி. சுற்றுச்சுவரில்லாத கிணறு மொட்டைக் கிணறு. மேலே இருந்தாக வேண்டிய ஒன்று இல்லாமல் போனால் தமிழில் அது மொட்டை. அப்படியானால் கடுதாசிக்கு மேலே இருக்க வேண்டியது எது? கையெழுத்து. எழுத்துக்குத் தலை பெயர்தான், பெயரில்லாத எழுத்தை நம்பிக் கால் வைத்தால் விழுந்துவிடுவோம் என்கிற பயம் இந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அரசாங்கத்துக்கும் இதே பயம்தான். பெயரில்லாத புகார்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூனில் சுற்றறிக்கையே அனுப்பியது. பொறாமைக்காரர்கள் நேர்மையான அதிகாரிகளைத் தொந்தரவு செய்கிறார்களாம். அது உண்மையாகவும் இருக்கலாம்.

சரி, பெயரைப் போட்டு எழுதினால்? தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே 2002 நவம்பரில் பிரதமருக்கு எழுதினார். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றிய கடிதம் அது. யார் எழுதியது என்று தெரிந்தால்தான் பொருட்படுத்துவார்கள் என்பதால் தன்னைப் பற்றிய விவரங்களைக் கொடுத்துவிட்டு, பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர்கள் செய்த கொலை என்று விசாரணை முடிந்து 2010இல் மூன்று பேர் தண்டிக்கப்பட்டார்கள். துபே கேட்டது மறைவுகூட இல்லை, தன் பெயர் எங்கே போகலாம் எங்கே போகக்கூடாது என்று தீர்மானிக்கிற உரிமையைத்தான். அந்தரங்கம் என்று நாம் இன்று பேசுவதன் சாரம் இவ்வளவுதான். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அதை அடிப்படை உரிமை என்று சொன்னார்கள்.

அதே தங்க நாற்கரத்தின் சென்னை–மும்பைக் கரம் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் போகிறது. 2021 டிசம்பர் 17 ராத்திரி அந்தச் சாலையில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் பூட்டுகிற பெண்கள். ராய்ட்டர்ஸ் கணக்குப்படி சுமார் 2000 பேர். இரண்டு நாளைக்கு முன்னால், 15ஆம் தேதி, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஒரே விடுதியிலிருந்து 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். போனவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை. எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று பக்கத்து அறைக்காரிகளுக்கு யாரும் சொல்லவில்லை. அப்போது போனுக்குள் ஒரு செய்தி புறப்பட்டது: சில பேர் செத்துப்போய்விட்டார்கள், மறைக்கிறார்கள்.

யாரும் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வதந்தியை மக்களின் குரல் என்று கொண்டாடிவிட்டு அது பொய்யாக இருந்ததை அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கிற வழக்கம் நம் விமர்சனத்தில் உண்டு. ரணஜித் குஹா 1983இல் காலனிய இந்தியாவின் விவசாயக் கிளர்ச்சிகளைப் பற்றி எழுதிய நூலில் வதந்திக்குப் பல பக்கங்கள் ஒதுக்குகிறார். எழுத்தறியாதவர்களின் கிளர்ச்சி ஊர்விட்டு ஊர் பரவ அதுதான் வாகனம் என்றும், அதற்கு ஆசிரியன் கிடையாது, கேட்டவன் ஒவ்வொருவனும் சொல்பவனாகிறான் என்றும் காட்டுகிறார். ஸ்ரீபெரும்புதூருக்கு இது பாதிதான் பொருந்தும். அந்தப் பெண்கள் பிளஸ் டூவும் டிப்ளமாவும் படித்தவர்கள். அவர்களிடம் எழுத்து இருந்தது, போன் இருந்தது. பெயரோடு வரும் தகவல்தான் இல்லை. விடுதி நிர்வாகமோ ஒப்பந்ததாரரோ கம்பெனியோ கையெழுத்துப் போட்டு ஒரு வாக்கியம் ஒட்டியிருந்தால் அந்த வதந்திக்கு ஆயுசு ஒரு மணி நேரம்கூட இருந்திருக்காது. பெயருள்ளவர்கள் மௌனமாக இருந்த இடத்தைப் பெயரில்லாத பேச்சு நிரப்பியது.

சங்க அகத்தில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. சில பேர் மட்டும் அறிந்து வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பேச்சாகிவிட்டால் அலர். மொட்டு, மலர் என்கிற வித்தியாசத்தில் உரைகாரர்கள் இதை விளக்குவார்கள். விடுதி அறையில் இருபது பேர் சேர்ந்து ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவுக்குள் இருக்கும்வரை அது அம்பல். 'பலமுறை முன்னனுப்பப்பட்டது' என்று இரட்டை அம்புக்குறி விழுந்த பிறகு அலர். அந்த அம்புக்குறிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வதந்தியை நம்பி மனிதர்களை அடித்தே கொன்ற சம்பவங்கள் 2018இல் இந்தியாவில் வரிசையாக நடந்தபோதுதான் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. இரட்டை அம்பு மறுவருஷம் வந்தது. அலரை அளந்து சொல்லுகிற கருவி என்றே அதைச் சொல்லலாம். ஆனால் யார் ஆரம்பித்தது என்று அது சொல்லாது.

அரசு கேட்பதோ அந்தக் கேள்வியைத்தான். இந்தக் கேள்வியின் ஊர் நம்ம சென்னை. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கச் சொல்லி 2018இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல மனுக்கள் போடப்பட்டன. ஆதார் கோரிக்கை மெல்ல ஓரமாய்ப் போக, வாட்ஸ்அப் செய்தியை முதலில் எழுதியவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்கிற விவாதம் நடுவுக்கு வந்தது. ஒவ்வொரு செய்தியோடும் எழுதியவரின் அடையாளத்தை ஒட்டியே அனுப்பலாம் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். தமிழ்நாடு அரசு அந்தப் பக்கம் நின்றது. 2019இல் ஃபேஸ்புக் உச்சநீதிமன்றத்துக்குப் போய் வழக்கை மாற்றக் கேட்டது. இழுபறிக்கு நடுவில், 2021 பிப்ரவரியில் மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளை வெளியிட்டு, பெரிய செய்திச் செயலிகள் 'முதல் தோற்றுவாயை'க் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. அதை எதிர்த்து வாட்ஸ்அப் அந்த மே மாதமே டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவைவிட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வக்கீல் சொன்னார். ஸ்ரீபெரும்புதூர் வதந்தி கிளம்பியது அந்த விதிகள் வந்து பத்தாவது மாதம். 'முதல் தோற்றுவாய்' என்பது சட்டக்காரர்களின் சொல் மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது இலக்கிய விமர்சனத்தின் பழைய ஆள், ஆசிரியன். பிரதிக்கு ஒரே ஒரு மூலகர்த்தா உண்டு, அவனைப் பிடித்தால் அர்த்தத்தையும் பிடித்துவிடலாம் என்கிற நம்பிக்கை.

மறையாக்கம் என்றால் என்ன என்று இங்கே கொஞ்சம் பார்த்துவிடலாம். 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப் செய்திகள் முனையிலிருந்து முனைவரை மறையாக்கம் செய்யப்படுகின்றன. அனுப்புகிற போனிலேயே செய்தி பூட்டப்படுகிறது. திறக்கிற சாவி வாங்குகிற போனில் மட்டும் இருக்கிறது. நடுவில் ஜியோ, ஏர்டெல், வாட்ஸ்அப் கம்பெனி யார் எட்டிப் பார்த்தாலும் தெரிவது குப்பை எழுத்துதான். கணிதம் உறுதியானது, இதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இது காப்பாற்றுவது வழியைத்தான், முனையை அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் முனை என்பது என்ன? ராய்ட்டர்ஸ் எழுதியபடி ஆறு முதல் முப்பது பேர்வரை தரையில் படுத்துத் தூங்குகிற ஓர் அறை. சார்ஜ் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால் போன் யார் கையிலும் இருக்கலாம். குழுவில் இருக்கிற எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒருத்தி சூப்பர்வைசருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் உலகத்தின் எந்தக் கணிதமும் ஒன்றும் செய்ய முடியாது.

முனையில்தான் கை வைத்தார்கள். 67 பெண்களும் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையாளரும் பிடித்துவைக்கப்பட்டதாகவும், போன்கள் பறிக்கப்பட்டதாகவும், பெற்றோரைக் கூப்பிட்டு உங்கள் பெண்ணை அடக்கிவையுங்கள் என்று எச்சரித்ததாகவும் போராட்டக்காரர்களும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் ராய்ட்டர்ஸிடம் சொன்னார்கள். மாவட்டக் காவல்துறை மறுத்தது. மறுப்பை மறுப்பாகவே வைத்துக்கொண்டு, குற்றச்சாட்டின் வடிவத்தை மட்டும் பாருங்கள். அலர் எழுந்ததும் தாய்க்குத் தெரிகிறது, தாய் மகளை வீட்டுக்குள் அடைக்கிறாள். அகத்திணையில் இதற்கு இற்செறிப்பு என்று துறையே இருக்கிறது. சங்கேதம் உடைக்கிற மென்பொருள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. 'அப்பாவுக்கு ஒரு போன்' போதும். இணையக் கண்காணிப்பைப் பற்றி வெளிநாட்டில் எழுதப்படுகிற புத்தகங்களில் இந்தத் தொழில்நுட்பம் இடம்பெறுவதில்லை.

செய்தியின் உள்ளடக்கத்தை மூடினாலும் மூட முடியாத இன்னொன்று உண்டு. யார், யாருக்கு, எப்போது, எந்த டவரிலிருந்து, எத்தனை முறை. இதை மெட்டாடேட்டா என்கிறார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியை இன்னார் என்று பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. காதல் எல்லோருக்கும் பொது என்பதால் இந்த விதி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது அலரிலிருந்து ஆட்களைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடாகவும் படுகிறது. இப்போது நெடுநல்வாடைக்கு வாருங்கள். பிரிந்த தலைவி, வாடை, பாசறையில் தூக்கமில்லாமல் உலவும் அரசன். பெயர் எங்குமே இல்லை, முழுக்க அகம் மாதிரியே இருக்கிறது. ஆனால் வேல் ஒன்றில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனுடைய பூ. ஆள் அகப்பட்டுவிட்டான், எனவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பு எழுதிவிட்டார். பெயர் சொல்லாத ஒரு பிரதியை ஒற்றை அடையாளத்தை வைத்து ஆளோடு கோத்துவிடுகிற இந்த வேலையைத்தான் இன்றைக்கு இயந்திரங்கள் நொடிக்கு லட்சம் தடவை செய்கின்றன. அநாமதேயமாக இருக்க விரும்புகிறவள் பெயரை மறைத்தால் போதாது, வேப்பம்பூவையும் மறைக்க வேண்டும்.

எதை வைத்து மறைப்பது? சிக்னல் செயலியில் 2024இலிருந்து நம்பரைக் காட்டாமல் பேசலாம். ஆனாலும் கணக்குத் தொடங்க நம்பர் வேண்டும். நம்பருக்கு சிம், சிம்முக்கு அடையாள அட்டை, அந்த அட்டை பல பெண்கள் விஷயத்தில் அப்பாவுடையது. 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை இன்னொரு உத்தரவு போட்டது. பதிவுசெய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் இந்தச் செயலிகள் ஓட வேண்டுமாம். விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்தை வேறொருவர் வீட்டு வாசல் வழியாகத் திருப்பிவிடுவது. பார்க்கிறவர்களுக்கு நீங்கள் அந்த வீட்டிலிருந்து வருவது மாதிரி தெரியும். ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு, வாடிக்கையாளர் பெயர், முகவரிகளை ஐந்து வருஷம் வைத்திருக்கும்படி விபிஎன் கம்பெனிகளுக்கு ஆணையிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்ற சிலர் இந்தியாவிலிருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

டோர் இதைவிடச் சூட்சுமமானது. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்து, இப்போது ஒரு லாபநோக்கற்ற அமைப்பின் கையில் இருக்கிறது. உளவு வேலைக்குப் பிறந்த பிள்ளை போராளிகளுக்குத் தத்துப்போன கதை. வெங்காயம் மாதிரி என்பார்கள். உங்கள் கோரிக்கை மூன்று உறைகளுக்குள் போடப்பட்டு மூன்று கணினிகள் வழியாகப் போகிறது. முதல் கணினி வெளி உறையை மட்டும் பிரிக்கும். அதற்கு உங்களைத் தெரியும், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. மூன்றாவதற்குப் போகுமிடம் தெரியும், உங்களைத் தெரியாது. நடுவிலிருப்பதற்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களைத் தவிர ஒன்றுமே தெரியாது. கடைசிவரை மூன்றில் எதற்கும் முழுக் கதை தெரியாது, அதுதான் பாதுகாப்பு. இணையதளங்களும் இந்த மாதிரியே தாங்கள் இருக்குமிடத்தை மறைத்துக்கொள்ளலாம். அதைத்தான் டார்க் வெப் என்று பயமுறுத்துகிறார்கள். போதைமருந்துச் சந்தை நடந்தது வாஸ்தவம். சில்க் ரோடு 2011இல் தொடங்கி 2013இல் பிடிபட்டது. ஆனால் டோரில் ஓடுவதில் இந்த மறைதளங்கள் சின்னப் பங்குதான். பெரும்பாலானவர்கள் சாதாரண இணையத்தை யாரும் பின்தொடராமல் பார்க்கத்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். 2018இல் 'இரும்புத்திரை' வந்த பிறகு இருட்டு இணையம் என்றால் நம் ஆட்களுக்கு ஒரு வில்லன் சிரிப்புக் கேட்கிறது. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் காதில் விழாமல் போகிற ஒன்று இருக்கிறது.

வெங்காயத்தின் இந்த அமைப்பு ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்குப் புதிசு இல்லை. அமெரிக்காவில் போனுக்குப் பெயர் வைத்திருக்கிற கம்பெனி. அதற்குச் செய்துகொடுக்கும் தைவான் கம்பெனி. அதற்கு ஆள் கொடுக்கும் ஒப்பந்ததாரர். விடுதிக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், பஸ்ஸுக்கு ஒருவர். கிராமத்தில் ஆள் சேர்க்கும் ஏஜென்ட். ஒவ்வொரு தோலுக்கும் பக்கத்துத் தோலை மட்டும்தான் தெரியும். 159 பேர் வாந்தியெடுத்த பிறகு யார் பொறுப்பு என்று கேட்டுப்போனால் உறைக்குள் உறையாகப் பிரிந்துகொண்டே போகும். அந்த டிசம்பர் 29 அன்று ஆப்பிள் கம்பெனி, சில வெளி விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிமுறைப்படி இல்லை என்று தெரிந்ததாகச் சொல்லி, தொழிற்சாலையைச் சோதனைக்காலத்தில் வைத்தது. தெரிந்ததாம். சுமார் 17,000 பேர் வேலை செய்த தொழிற்சாலை 2022 ஜனவரி 12 அன்று திரும்பத் திறந்தது. மூலதனம் தனக்கென்று ஒரு டோர் கட்டி வைத்திருக்கிறது, அதற்கு எந்த மென்பொருளும் இறக்க வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்லவருவது.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் இன்னொரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. ஐபோன் பூட்டும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்பது அது. அதன்பிறகு அந்த நவம்பரில் வந்த செய்தியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆள் சேர்க்கும் ஏஜென்டுகளுக்குப் புது மாதிரி விளம்பரம் கொடுக்கப்பட்டதாம். வயசு, ஆணா பெண்ணா, கல்யாணம் ஆச்சா எதுவும் அதில் இல்லை. ஃபாக்ஸ்கான் என்கிற பெயரும் இல்லை. ஏ.சி. வேலையிடம், இலவச பஸ், கேன்டீன், விடுதி, ஸ்மார்ட்போன் செய்யும் வேலை, சம்பளம் 14,974 ரூபாய். யார் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் சொல்லாத அழைப்பு. சுத்தமான மொட்டைக் கடுதாசி. இதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்ணோ கைரேகை, முகம், ஆதார், வங்கிக்கணக்கு, அப்பா நம்பர் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கேட்டுக்குள் நுழைகிறாள். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் செல்போன் காமிராமேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். அவள் பார்க்கக்கூடாது, அவளைப் பார்க்கலாம். 2023இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 'வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காக'வும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காக்கவும், ஊழியரின் சம்மதம் இல்லாமலேயே தரவைக் கையாளலாம் என்று ஏழாம் பிரிவில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மேற்படி ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு இந்தக் கதவு வரைக்கும்தான் வருகிறது.

ஃபூக்கோவை இழுக்காமல் முடித்தால் இந்தப் பத்திரிகை வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். கண்காணிப்புக் கோபுரத்தைப் பற்றிச் சிறுபத்திரிகைகள் தொண்ணூறுகளிலேயே எழுதித் தேய்த்துவிட்டன, அதை விட்டுவிடலாம். 1980 ஏப்ரலில் லெ மோந்த் பத்திரிகையில் 'முகமூடி அணிந்த தத்துவவாதி' என்று பெயரில்லாமல் ஒரு பேட்டி வந்தது. பேசியவர் ஃபூக்கோ. ஒரு வருஷத்துக்குப் புத்தகங்களையெல்லாம் ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளியிட்டுப் பார்க்கலாமே என்று அதில் யோசனை சொல்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் பெயர் ஏற்கெனவே சொத்தாக இருப்பவர்தான் அதைக் கழற்றி வைத்து விளையாட முடியும். ராய்ட்டர்ஸிடம் பேசிய பெண்கள் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றதற்குக் காரணம் வேலை போய்விடும், போலீஸ் வரும் என்கிற பயம். ஒரே மாதிரித் தோன்றும் இந்த இரண்டு அநாமதேயங்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து வருகின்றன. அதனால்தான் அநாமதேயத்தையே விடுதலை என்று சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. அது ஒரு நிர்ப்பந்தம். அதற்குள் இருந்துகொண்டு கொஞ்ச நேரம் பேசலாம், பேரம் பேச முடியாது.

பேரத்துக்குப் பெயர் வேண்டும். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். முக்கியக் கோரிக்கை சம்பளம் மட்டுமில்லை, சங்கத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது. கம்பெனியின் ஆட்சேபங்களில் ஒன்று விசித்திரமானது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்கிற எங்கள் பெயர் வரக்கூடாது, அது எங்கள் வணிகக் குறி. விளம்பரத்தில் பெயர் இல்லாமல் இருக்கவும் முடிகிறது, சங்கத்தின் பெயரில் வராமல் தடுக்கவும் பார்க்க முடிகிறது. (இரண்டும் வேறுவேறு கம்பெனிகள் என்பது வாஸ்தவம்தான், சாலை ஒன்று.) விஷயம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், 2025 ஜனவரி 27 அன்று அந்தப் பெயரோடேயே சங்கம் பதிவானது.

பதிவானது 1926ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ். 2025 நவம்பரில் அதன் இடத்துக்குத் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. பழைய சட்டப்படி விண்ணப்பத்தில் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். பெயர், தொழில், முகவரி கொடுக்க வேண்டும். சாம்சங்கில் வெளியே உட்கார்ந்தவர்கள் கம்பெனி வேலையில் இருந்தவர்கள், அந்தக் கட்டங்களை நிரப்ப அவர்களால் முடிந்தது. 2021 டிசம்பரில் சாலையில் உட்கார்ந்தவர்களில் ஏழு பேர் அந்தத் தாளை வாங்கியிருந்தால், 'தொழில்' என்கிற கட்டத்தில் எந்தத் தோலின் பெயரை எழுதியிருப்பார்கள்? 'முகவரி' என்கிற கட்டத்தில் விடுதியை எழுதினால் வார்டன் கைக்குப் போகும். ஊரை எழுதினால் அப்பா கைக்கு.